பத்துத் தெத்ரி

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் காசு கேட்கும்.
பத்துத் தெத்ரி போட்டால்தான் ஏறும்.
இறங்குவது இலவசம்.
திபிலிசியின் வடகோடியில், க்ல்தானியில்,
இப்படித்தான் பல கட்டடங்களில்.

விடியற்காலை ஐந்து மணிக்கு
ரொட்டி அடுப்பிலிருந்து வருகிறேன்,
புருவத்தில் மாவு, முழங்கைவரை அனல்.
லிஃப்ட் வாசலில் முரா உட்கார்ந்திருக்கும்.
காதில் நகராட்சி குத்திய மஞ்சள் வில்லை,
எண் பாதி அழிந்துவிட்டது.
வாலை ஆட்டாது. குரைக்காது.
என் சட்டைப்பையைப் பார்க்கும்.

நான் ஆறாவது மாடி.
அதற்கு ஒன்பது.
‘நாய்களை ஏற்றாதீர்’ என்று ஒட்டியிருக்கும் தாளுக்கு
முதுகைக் காட்டிக்கொண்டு
ஒன்பதுவரை போய் அதை விட்டுவிட்டு
ஆறுக்கு இறங்குகிறேன்.
இத்தனைக்கும் எனக்கு நாய்களைப் பிடிக்காது.
ராணுவத்தில் ஒன்று தொடையைக் கவ்வியது.
தழும்பு இன்னும் இருக்கிறது.

ஒன்பதில் நஸீப்ரோலாவின் கதவு.
பழுப்பு ரெக்ஸின், பித்தளை ஆணிகள்,
கீழ்மூலையில் நகம் கீறிய இடத்தில்
பஞ்சு பிதுங்கியிருக்கும்.
அவள் நேப்பிள்ஸ் போய் மூன்று குளிர்காலம்.
அங்கே ஒரு பணக்காரக் கிழவிக்கு
மாத்திரை எண்ணிக் கொடுக்கிறாள்,
முதுகு தேய்த்துவிடுகிறாள்,
கிழவியின் நாயைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறாள்.
அந்த நாய்க்கு மழைக்கோட்டு உண்டாம்,
பிறந்தநாள் உண்டாம்.
அதன் கழிவைப் பையில் அள்ளுவதும்
சம்பளத்தில் சேர்த்தி.

ஞாயிறுதோறும் கூப்பிடுவாள்.
குழாய் ஒழுகுகிறதா, ஜும்பர்?
ஒழுகவில்லை.
சன்னல் பூட்டியிருக்கிறதா?
பூட்டியிருக்கிறது.
பிறகு கொஞ்ச நேரம் எதுவும் கேட்கமாட்டாள்.
திரையில் அவள் நெற்றி மட்டும்,
பின்னால் யாருடையதோ எலுமிச்சை மரம்.

முரா?

முதல் வருஷம் உள்ளதைச் சொன்னேன்.
தினமும் வருகிறது,
உன் கதவில் முதுகை ஒட்டிப் படுக்கிறது.
அடுத்த மூன்று ஞாயிறு அவள் கூப்பிடவில்லை.
அப்புறம் பொய்க்கு மாறினேன்.
உன்னை மறந்துவிட்டது, என்றேன்.
சந்தைப் பக்கம் கசாப்புக்காரன் ஒருவனோடு ஒட்டிக்கொண்டது,
தின்று தின்று வயிறு தரையில் இழுபடுகிறது.
சிரித்தாள்.
நன்றிகெட்ட கழுதை, என்றாள்,
கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அப்போது அது என் காலடியில் இருந்தது.
அவள் குரல் கேட்டதும் எழுந்து
போனின் பின்பக்கத்தை முகர்ந்தது,
மேசைக்கடியில் போய்ப் பார்த்தது,
குளியலறைக் கதவை மூக்கால் தள்ளியது.
நான் ஒலியைக் குறைத்தேன்.

அவளுக்கு ஒரு கசாப்புக்காரனைச் சொல்லிவிட்டேன்.
இதற்கு யாரைச் சொல்ல?

சாவி என்னிடம்தான்.
பனி கொட்டிய ஒருநாள் திறந்துவிட்டேன்.
போர்வை மூடிய சோபா, வாய் திறந்த குளிர்பெட்டி,
ஆணியில் அவளுடைய நீலக் கம்பளிச்சட்டை.
முரா அவசரப்படவில்லை.
அறை அறையாக, சுவரோரமாக,
மீட்டர் பார்க்க வந்த ஆள்போல நடந்தது.
சட்டைக்குக் கீழே நின்று தலையைத் தூக்கியது.
அவ்வளவுதான்.
வெளியே வந்து,
கதவுக்கு வெளியே, தன் இடத்தில்,
ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது.
உள்ளே கணப்பைப் போட்டுவிட்ட நான்
சாவியோடு நின்றேன்.

இந்த மாதம் கட்டணத்தை
இருபதாக்கப் போவதாகச் சொன்னார்கள்.
முற்றத்தில் கூட்டம் போட்டுக் கத்தினோம்.
மூன்றாம் மாடி எத்தேரி சொன்னாள்:
உனக்கென்ன நஷ்டம், ஜும்பர்?
நாயோடு போகிறாய்,
ஆளுக்குப் பத்துதானே.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

இன்று காலை இரண்டு காசு போட்டேன்.
பெட்டி ஒருமுறை குலுங்கிவிட்டு ஏறியது.
ஆறைக் கடக்கும்போது
என் மாடியின் வெளிச்சம் இடுக்கில் வந்து போனது.
முரா எழுந்து நின்றது,
காதை முன்னால் மடித்து.
ஏழு.
எட்டு.