எட்டாம் நாளுக்கு முன்

பெர்காமினோவில் மே மாதம்.
சோளம் அறுத்த வயல்களில்
எலிகள் வீடு மாறுகின்றன.

நேலிடா நாற்காலியில் சாய்கிறாள். பதினோராவது முறை.
"இடது கை. வலதில் நரம்பு ஓடி ஒளியும்."

இயந்திரம் சிவப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
மஞ்சளை மட்டும் வைத்துக்கொள்கிறது,
ஆறிப்போன கோழிச்சாறு போல.
கண்ணாடிக்கு அப்பால் ஒரு டிராக்டர்காரன்,
காய்ச்சலின் ஆறாம் நாள், ஈறில் ரத்தம்.
அவனுக்கு ஏறுவது யாருடைய மஞ்சளோ,
பையில் எண் மட்டும்.
எட்டாம் நாள் தாண்டினால்
இதற்கும் வேலையில்லை.

"எத்தனை வருஷம் ஞாபகம் வைத்திருக்கும் இது?"
ஆய்வுக்கூடத்து ஃபகுண்டோ தாளைப் புரட்டுகிறான்:
"உங்களுக்கு இருபத்திரண்டு ஆயிற்று.
ஆன்டிபாடி இன்னும் குறையவில்லை."

இருபத்திரண்டு.
அதே அறுப்பு, அதே வாரம் படுத்த எலிசேயோ
எழவில்லை.
அப்பா குரல் கனமா, கீச்சா என்று
மகள் போன வாரம் கேட்டபோது
நேலிடா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பஞ்சை அழுத்தி ஐந்து நிமிடம்.
பிஸ்கட், ஆரஞ்சுச் சாறு.
வெளியே போகிற வழியில்
அந்த அறைக் கதவு திறந்திருக்கிறது.
"தண்ணீர்" என்கிறான் டிராக்டர்காரன்,
தொண்டையில் சரளை உருள.

கைப்பிடியில் கை வைத்தபடி நிற்கிறாள்.
இல்லை.
இதைவிடச் சன்னம்.