உத்தேச வயது

பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது
என்னிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை.
பதிவேடு இருந்த கந்தோர் எரிந்துபோனது.
இருந்தது உத்தேச வயதுச் சான்றிதழ்.
துணுக்காயில் ஒரு டொக்டர்
பல்லைப் பார்த்தார், மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்,
ஜனவரி முதலாம் திகதி என்று எழுதினார்.
மாடு வாங்குகிறவர்களும்
இப்படித்தான் பார்ப்பார்கள்.
குளம் வான் பாய்ந்த கிழமை என்கிறா சித்தி.
இல்லை, சூடடிப்புக் காலம் என்கிறார் மாமா.
இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ
நான் அழுதிருக்கிறேன்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில், பிரசவ அறையில்,
முதல் மாதம் என் வேலை
சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பது.
தலை. பிறகு தோள். பிறகு எல்லாம் ஒரே வழுக்கலில்.
"நேரம்?" என்பா மிஸி.
சொல்வேன். அவ எழுதுவா.
நானும் எழுதுவேன், உள்ளங்கையில், நீலப் பேனையால்.
விடுதிக்கு வந்து சோறு குழைக்கும்போது
நாலு பிள்ளைகளின் நேரம்
பருப்போடு கரையும்.

முதல் இரத்தத்தில் நான் மயங்கி விழவில்லை.
அதற்காக யாரும் பாராட்டவும் இல்லை.
விரல்நுனியால் சென்ரிமீற்றர் எண்ணப் பழகினேன்.
வயிற்றில் குழலை வைத்துக் காதை அழுத்தினால்
தூரத்து வயலில் ஆரோ வோட்டர் பம்ப் போட்டதுபோல
ஓர் இதயம்.
அது நிற்காதவரை
நானும் மூச்சு விடலாம்.

கோகிலவதனிக்குப் பத்தொன்பது வயது.
முத்தையன்கட்டுக்கும் உள்ளே இருந்து
லாண்ட்மாஸ்டரில் வந்தாள்,
யானைக்கு வெடி போட்டுப் போட்டு.
அவள் கத்தினாள்.
"அப்ப தெரியேல்லையோ?" என்றது ஒரு குரல்,
எங்கள் பக்கத்துக் குரல்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கையுறையைக் கழற்றி அவள் கையைப் பிடித்தேன்,
அவ்வளவுதான்.
அது போதாது என்று அவளின் நகம்
என் தோலில் எழுதியது.
பெடியன். அதிகாலை மூன்று நாற்பத்திரண்டு.

இரண்டு மாதம் கழித்து, களப்பயிற்சியில்,
அவள் வீட்டுப் படலையில் ஸ்கூட்டியை நிறுத்தினேன்.
பிள்ளைக்கு நிறை காணும், தடுப்பூசி சரி,
பதிவு மட்டும் இல்லை.
"தகப்பன்ர பேர் கேக்கினம் மிஸ்.
கலியாணம் எழுதேல்லை.
கொழும்புக்கு மேசன் வேலைக்குப் போனவர்,
போன் ஓஃப்.
மூண்டு தரம் போனன். நாளைக்கு வா எண்டினம்."

என் லீவு நாளில் போனோம்.
இரண்டு பஸ். பிள்ளை என் சட்டையில் பால் கக்கினான்.
"அந்தக் கட்டத்தை வெறுமையா விடலாம்," என்றேன்,
"விதியில இருக்கு."
இரவு முழுக்க வாசித்த தாளை
மேசையில் விரித்தேன்.
"நீங்கள் ஆர்? சொந்தமோ?"
"இல்லை."
"மிட்வைவ்வோ?"
"இன்னும் இல்லை."
எழுதுவினைஞர் சிரித்தார்.
எனக்குத் தொண்டை வறண்டது. வேறொன்றும் தோன்றவில்லை.
"இவன் பிறக்கேக்க நேரம் சொன்னது நான்," என்றேன்.

அது எந்தச் சட்டத்திலும் இல்லாத காரணம்.
அவர் என் தாளை வாசித்தார்.
உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.
மின்விசிறி சுற்றியது, நின்றது, கரண்ட் வந்ததும் திரும்பச் சுற்றியது.
பின்னேரம் மூன்று மணிக்கு
தகப்பன் கட்டத்தில் ஒரு கோடு கீறினார்,
அடிமட்டம் வைத்து, நேராக.

பஸ் நிலையத்தில் அவள் சான்றிதழைத் தலைகீழாகவும் பார்த்தாள்.
"நேரம் எங்க மிஸ்?"
அதில் நேரத்துக்குக் கட்டம் இல்லை.
பொலித்தீன் உறையில் எழுதித் தரலாம் என்று
பேனையை எடுத்தேன்.
"அது அழிஞ்சிடும்," என்றாள்.
எழும்பிப் போய்
தேத்தண்ணிக் கடையில்
போத்தலில் விலை எழுதுகிற மாக்கரை
வாங்கிக்கொண்டு வந்தாள்.