எண்பத்தாறு டிக்கெட்

பதினாறாம் நாள் முடிந்த மறுநாள்
டிப்போவிலிருந்து அம்மாவின் பை வந்தது.
வார் அறுந்த இடத்தில்
பச்சை நூலால் அவளே போட்ட தையல்.
உள்ளே பாதி தீர்ந்த இருமல் மிட்டாய்,
ஏழு ரூபாய்ச் சில்லறை,
தவறுதலாக யாரோ எடுக்காமல் விட்ட
டிக்கெட் புத்தகம் ஒன்று.

ரோஸ் ஹில் – போர்ட் லூயி தடத்தில்
பதினோரு வருஷம் கண்டக்டர்.
ஒருநாளும் எனக்கென்று ஒரு டிக்கெட் கிழித்ததில்லை.
இந்தத் தீவில் பள்ளிச் சீருடைக்குக் காசில்லை.
வரிசையாகக் கிழித்துக்கொண்டே வருவாள்,
என் இருக்கை வந்ததும்
விரல் சும்மா இருக்கும்.
சும்மா இருந்த அந்த விரலைத்தான்
முதல் டிக்கெட்டின் முதுகில் வரைந்தேன்.

எலோடி ஆறுதல் சொல்ல வரவில்லை.
கணக்கு நோட்டு கடன் கேட்டு வந்தாள்.
என் தட்டில் ஆறிக்கிடந்த ஃபராட்டாவைத் தின்றாள்.
படத்தைப் பார்த்தாள்.
"அடுத்ததில் விரலை ஒரு நூல் நகர்த்து, கோவிலன்."
நகர்த்தினேன்.
"இன்னும் ஒரு நூல்."
ஒன்பதாவது டிக்கெட்டில்
அம்மா பைக்குள் கைவிட்டாள்.

புயல் எச்சரிக்கை இரண்டு என்றதும் பள்ளியை மூடினார்கள்.
கரண்ட் போன மத்தியானம்,
ஜன்னல் பலகை இடுக்கில் விசில் அடிக்கும் காற்று,
மெழுகுவத்தி வெளிச்சத்தில் எலோடி சொன்னாள்:
"இடுப்பு தப்பு.
கொரொமாண்டல் வளைவில் உன் அம்மா கம்பியைப் பிடிக்க மாட்டாள்.
இருக்கை முனையில் இடுப்பை முட்டுக்கொடுத்து
இரண்டு கையாலும் சில்லறை எண்ணுவாள்.
அவான்ஸே, அவான்ஸே என்று கத்தும்போதும்
எண்ணிக்கை விடாது."

எனக்குத் தெரியாத இடுப்பு அது.
கண்டக்டர் மகன் என்று கூப்பிடுவார்களோ எனக் கூசி
பதினோரு வருஷமும்
நான் வெளியே கரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்திரண்டு படங்களை அழித்தேன்.
அழித்த இடத்தில் தாள் பஞ்சாகிப்போனது.
அந்தப் பஞ்சின் மேலேயே
இடுப்பு வந்து நின்றது.

எண்பத்தாறும் முடிந்த அன்று
எலோடி கட்டைவிரலால் விசிறினாள்.
ஃபர்ர்ர்.
ஏறினாள், கிழித்தாள், எண்ணினாள்,
வளைவில் சாய்ந்தாள்,
பின்கதவில் இறங்கினாள்.
நாலு விநாடிகூட இல்லை.
கண்டோஸ் ஆஸ்பத்திரியில் அவள்
அதைவிட நேரம் எடுத்துக்கொண்டாள்.

நான் சுவரைப் பார்த்தேன்.
எலோடி என்ன நினைத்தாளோ
கடைசியிலிருந்து புரட்டினாள்.

அம்மா முதுகு காட்டிப் பஸ் ஏறினாள்.
ஜனங்கள் கையிலிருந்த டிக்கெட்டைப் பிடுங்கிப்
புத்தகத்தில் ஒட்டவைத்தாள்.
காசையெல்லாம் திருப்பிக் கொடுத்தாள்.
மூன்றாம் வரிசைக் குண்டு மனிதர் வாயிலிருந்து
ஒரு முழு ரொட்டி வெளியே வந்தது.
"கம்பெனி திவால்" என்றாள் எலோடி.

சிரித்துவிட்டேன்.
அடுக்களையில் அப்பா குழாயை மூடினார்.
நான் வாயைப் பொத்தினேன்.
எலோடி பொத்தவில்லை.

மாசக் கடைசியில் டிப்போ குமாஸ்தா வந்தார்.
ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் நம்பர் உண்டு,
விற்காதது திரும்ப வேண்டும்.
நீட்டினேன்.
புரட்டினார்.
கொரொமாண்டல் வளைவில் நிறுத்தி
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்து மாட்டிக்கொண்டு
"ஆனாலும் கணக்கு கணக்குதான்" என்றார்.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை.
அலமாரியைத் திறந்தார்.
எண்பத்தாறு முழுக் கட்டணம்
எச்சில் தொட்டு எண்ணி வைத்தார்.
ரசீதும் வாங்கினார்.

ராத்திரி அவர் அறையிலிருந்து
ஃபர்ர்ர்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
மறுபடி ஃபர்ர்ர்.
எந்தப் பக்கமிருந்து புரட்டுகிறார் என்று
சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.