வாக்கர்

மூன்றாம் தளத்துக்கு,
லினெட் வாக்கருக்கு ஒரு வாக்கர் வந்தது.
அலுமினியம். சாம்பல் நிறத்தில் நான்கு ரப்பர்க் குளம்புகள்.
"உங்கள் பெயரே போட்டு அனுப்பியிருக்கிறார்கள்" என்றான்
இயன்முறைக்காரன் கோரின்.
இதைச் சொல்லும் பதினோராவது ஆள்.
அவள் எண்ணிக்கொண்டுதான் வருகிறாள்.

பத்தொன்பது ஆண்டு ஹாலிஃபாக்ஸ் மேடுகளில்
பேருந்து ஓட்டியவள்.
உட்கார்ந்தே ஊரைச் சுற்றியவள்.
நடப்பதைப் பற்றி யோசித்ததே இல்லை,
பனியில் லாரி ஒன்று சறுக்கி வந்த காலைவரை.

தூக்கம் வராத இரண்டு மணிக்கு
கைபேசியில் தன் பெயரைத் தோண்டினாள்.
நடப்பதற்கு அவர்கள் சொல்லும் 'வாக்'
அந்த வினைக்கு முதலில் காலே இல்லை.
அது உருண்டது.
ஆயிரம் ஆண்டுக்கு முன் இந்தத் தீவில்
அலை புரண்டதை,
நடுக்கடலில் படகு அல்லாடியதை
அப்படிச் சொன்னார்கள்.

பிறகு கம்பளிக்காரர்கள் கையில் அகப்பட்டது.
நெய்த துணியைத் தொட்டியில் போட்டு
புளித்த மூத்திரம் ஊற்றி
உள்ளே இறங்கி மிதித்தார்கள்,
புரட்டி மிதித்து, மறுபடி புரட்டி,
நூலும் நூலும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்ளும்வரை.
அவர்கள்தான் வாக்கர்கள்.
காலையில் இறங்கிய இடத்திலேயே
மாலையில் நின்றார்கள்.
நாள் முழுக்க மிதித்தும்
ஓரடி முன்னே போகவில்லை.

எப்போது அந்தச் சொல் தொட்டியைவிட்டு ஏறி
பேச்சுவாக்கில் தெருவுக்கு வந்ததோ,
ஈரக் காலோடுதான் வந்திருக்கும்.
நாற்றத்தோடும்.

லினெட் சிரித்துவிட்டாள்.
என்ன என்றாள் பக்கத்துக் கட்டில் மிஸஸ் ஓல்ட்ராய்டு.
"எங்கள் வம்சம் மூத்திரத்தில் நின்றிருக்கிறது."
"எங்கள் வம்சம் அதை வாளிக்கணக்கில் விற்றிருக்கும்"
என்றபடி அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மறுநாள், இணைக்கம்பிகளுக்கு நடுவே
இடது கால் தரையைத் தேடி இறங்கியது.
வலது கால் யோசித்தது.
மறுபடி இடது.
பத்து நிமிடம், ஒரே இடம்.
முன்னேற்றம் இல்லை என்று எழுதப் போனான் கோரின்.
"எழுதாதே. மிதித்துக்கொண்டிருக்கிறேன்."
மூக்கு நுனியில் தயங்கிய வியர்வை
சொட்டென்று தரையில் விழுந்தது.

திரும்பும்போது சக்கர நாற்காலியில்
தாழ்வாரம் முழுக்க உருண்டாள்,
பெயரின் பழைய பொருளில்.
சன்னலுக்குக் கீழே அவளுடைய தடத்துப் பேருந்து
நிறுத்தத்தில் குலுங்கி நின்றது.
இரண்டு நிமிடம் தாமதம்.
பிரேக் போட்ட விதத்திலேயே தெரிந்தது
ஓட்டுவது யாரென்று.