எட்டா, மூன்றா

இரண்டு கிழமையாக எங்கள் பிரிட்ஜ் உறங்கவில்லை.
மோட்டர் அடங்கும். அப்பாடா என்று நான் திரும்ப,
தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி தொடங்கும்.
பின்சுவரில் விரல் மொத்தத்துக்குப் பனி.
மரக்கறித் தட்டின் கீழே தண்ணீர்,
அதில் ஒரு பச்சைமிளகாய் மிதந்தது.

முதலில் பின்சுவர் ஓட்டையைத்தான் குற்றம் சொன்னேன்.
காது குடையும் குச்சி, பிறகு ஊசியில்லாத சிரிஞ்சால் வெந்நீர்.
கறுத்துப்போன கறிவேப்பிலை ஒன்று வெளியே வந்தது.
தண்ணீர் இறங்கியது.
மோட்டர் ஓயவில்லை.

மின்சாரக் கம்பெனியின் கடிதத்தை இடையில் வைத்துக்
கதவைச் சாத்தி இழுத்தேன்.
ஒரு சண்டையும் பிடிக்காமல் கையோடு வந்தது.
ரப்பர் போய்விட்டது. கீல் பக்கம் வெடிப்பு,
வெடிப்புக்குள் எந்த வருடத்துப் பருப்போ, மஞ்சளாய்.

முந்நூறு யூரோவுக்குப் புதுசு, வாசலிலேயே இறக்குவான்,
என்றார் கீழ்வீட்டு ஃப்ராவ் ஒஸ்ட்ஹாஃப்.
வாசல் சரி. நாங்கள் நாலாம் மாடி.
இதை மேலே ஏற்றிய அன்று, இரண்டாம் மாடி வளைவில்,
ஜெகதாசனுக்கும் அவன் தமையனுக்கும் வாய்த்தர்க்கம்.
இன்றுவரை பேச்சில்லை.

மாடல் நம்பர் மரக்கறித் தட்டுக்குப் பின்னால்.
தலையை உள்ளே விட்டு, கைபேசி வெளிச்சத்தில் படித்தேன்.
கடைசிக்கு முந்திய இலக்கத்தை
யாரோ துடைத்துத் துடைத்தே பாதியாக்கியிருந்தார்கள்.
யாரோ என்ன, நான்தான்.
எட்டா? மூன்றா?
மூன்று என்று எழுதி அனுப்பினேன்.
ஐம்பத்தெட்டு யூரோ, ஆறு நாள்,
கதவைவிட நாலு விரற்கடை கட்டை.
எட்டைக் கேட்டேன். அதை இப்போது செய்வதில்லையாம்.
மிக அழகான ஜெர்மனில் வருத்தம் தெரிவித்தார்கள்.

பார்மனில், தொங்குரயில் நிலையத்தின் பின்சந்தில்
கோவால்சிக்கின் கடை.
சுவர் முழுக்க இழுப்பறை. கீல், கைபிடி, முட்டைத் தட்டு,
வால் சுருட்டிக்கொண்டு தெர்மோஸ்டாட்டுகள்.
நான் நம்பரைத் தொடங்க அவர் கையை உயர்த்தினார்:
நம்பர் கிடக்கட்டும். தவாளிப்புக்குத் தவாளிப்பு எத்தனை சென்டிமீட்டர்?
அது எனக்குத் தெரியாது.
வீட்டுக்கு வந்து, தையல் நாடாவால் அளந்து,
அன்றே திரும்பிப் போனேன். முழங்கால் இன்னும் கேட்கிறது ஏன் என்று.

பெரிய கதவொன்றின் ரப்பரை எடுத்து
நாற்பத்தைந்து பாகையில் வெட்டினார்,
உள்ளிருந்த காந்தப் பட்டியைக் குறட்டால் நறுக்கினார்,
நுனிகளைச் சூட்டுத்தகட்டில் தொட்டெடுத்து
ஒன்றோடொன்று அழுத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.
முப்பது எண்ணும்வரை பேசக்கூடாது.
ஒரு பக்கம் கீறல் என்று அதற்கு வேறொரு ரப்பர்:
மூன்று பக்கம் வெள்ளை, ஒன்று பாலாடை நிறம்.
இருபத்திரண்டு யூரோ. நிறத்துக்குக் கழிவு இல்லை.

மடித்தால் மடிப்பு நின்றுவிடும் என்றிருந்தார்.
கழுத்தில் போட்டுக்கொண்டு தொங்குரயிலில் நின்றேன்.
கீழே வுப்பர் ஆறு, மழையில் கலங்கி.
எதிரே இருந்த பொடியன் கண்ணெடுக்கவில்லை.
நம்மவர் யாரும் கண்டிருந்தால்
எந்தத் தேர்தலில் வென்றாய் என்று கேட்டிருப்பார்கள்.

குளியல் தொட்டியில் வெதுவெதுப்பாய் ஊறவைத்தேன்.
கரண்டிக் காம்பால் தவாளிப்புக்குள் அழுத்தினேன்.
கீல் பக்கம் கொஞ்சம் வாசலின்.
பாலாடை மூலை மட்டும் அடம்பிடித்தது;
தலைமயிர் உலர்த்தியைப் பிடித்து அதைச் சம்மதிக்க வைத்தேன்.

பிறகு அதே கடிதம். கதவைச் சாத்தி இழுத்தேன்.
வரவில்லை.
இன்னும் இழுக்கக் கிழிந்தது.
கட்டவேண்டிய தொகை உள்ளே போயிற்று,
என் பெயரும் முகவரியும் கையில்.

பதினொன்று பத்துக்கு மோட்டர் அடங்கியது.
கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.
ஐந்து நிமிடம். பத்து.
கீழ்வீட்டில் யாரோ இருமியதுகூடக் கேட்டது.
அறைக்குள்ளிருந்து ஜெகதாசன்,
இரண்டு கிழமையாக இந்த இரைச்சலில் குறட்டை விட்டவன்,
திடுக்கிட்டு எழும்பிக் கேட்டான்:

என்ன, பழுதாப் போச்சோ?