புரண்டு படுத்த ஆறு

உச்சியில் கல்லறைகள்.
கீழே மரவீடுகள், அப்புறம் திராட்சை,
எல்லாவற்றுக்கும் அடியில் ரியோனி.
இந்தச் சரிவில் குடியேறியவர்கள்
வெள்ளம் எட்டாத இடத்தை
முதலில் பிணங்களுக்குத்தான் கொடுத்தார்கள்.

ஏப்ரலில், பனி உருகிய ஓர் இரவு,
ஆறு புரண்டு படுத்தது.
விடிந்தபோது
முர்மானின் பிளம் மரங்கள் ஏழும்
அக்கரையில் பூத்திருந்தன.

நில அளவைக்காரர் வந்தார்.
ரப்பர் பூட்ஸ், நனைந்த வரைபடம்.
கோட்டை எங்கே போடுவது என்றார்.
அக்கரையிலிருந்து சியாலா கூவினாள்:
"முதலில் காய்க்கட்டும்!"

ஆகஸ்டில் ஒரு வாளி வந்தது,
பாலத்தைச் சுற்றிப் பதினோரு கிலோமீட்டர்,
பேருந்து ஓட்டுநரின் காலடியில்.
பாதி வாளிதான் பழம்.

மீதியைப் பற்றி முர்மான்
இன்னும் வாய் திறக்கவில்லை.
வாளியைத் திருப்பி அனுப்பவும் இல்லை.