நாற்பது வெள்ளி

செந்தூலிலிருந்து புக்கிட் தக்குன் வரை
காரில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
இப்போது எண்பது மீட்டர் உயரத்தில்
இரண்டு போல்ட்டில் தொங்கியபடி
ஒருத்தி மூச்சு மற்றவள் கழுத்தில் படுகிறது.

"கயிறு சிக்கிருக்கு" என்றாள் யாழரசி.
"தெரியுது" என்றேன். அவ்வளவுதான்.

நான்காவது கயிறு என் முறை.
சுண்ணாம்புப் பாறை காலையிலேயே சுடுகிறது.
விரல் நுழையும் ஓட்டைகளில் மட்டும்
நேற்றைய மழை இன்னும் உட்கார்ந்திருக்கிறது.
முதல் கொக்கி. இரண்டாவது.
மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவே
போல்ட் அடித்தவனுக்கு
பேட்டரி தீர்ந்துபோயிருக்க வேண்டும்.
வலது கால் தையல் மெஷின் ஓட்டுகிறது.
கீழே கோல்ஃப் திடலில் தொப்பிக்காரர் ஒருவர்
தொலைந்த பந்தைத் தேடுகிறார்,
என் நகத்தைவிடச் சிறியவர்.

முனை திரும்பியதும் அவள் குரல் அறுந்தது.
கயிறு மட்டும் வருகிறது,
கேட்கும் முன்பே,
ஒரு முழம் கூடவில்லை, குறையவில்லை.
கோபத்திலும் கை கணக்குத் தவறாதவள்.

மூன்று முறை இழுத்தேன். வா.
வந்தாள். ராவாங் பக்கம் கறுத்திருந்தது.
உச்சிக்கு இன்னும் ஒரே கயிறு.
அவள் மேலே பார்த்தாள்,
நான் வடக்கே பார்த்தேன்,
இடி முடிவைச் சொன்னது.

வளையம் துருப்பிடித்திருந்தது.
இறங்க, ஒரு கராபினரைப் பாறையிலேயே விடவேண்டும்.
நாற்பது வெள்ளி.
"ஒன்னோடத விடு லா" என்றாள்.
"ஒன்னோடதுதான் பழசு" என்றேன்.
முதல் துளி ஹெல்மெட்டில் விழும்வரை
அதைப் பற்றி,
அதைப் பற்றி மட்டுமே
சண்டை போட்டோம்.